தனக்கா

என் சமையலறை ஜன்னலோரத்தில் வட்டமான ஒரு கல் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு அளவு. அடியில் மூன்று குட்டிக் கால்கள், மேலே ஓரத்தைச் சுற்றித் தண்ணீர் வழிய ஒரு பள்ளம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சந்தனக் கல்லா?" என்று கேட்பார்கள். இல்லை இல்லை என்று சொல்லி வாய் வலித்துப்போய், இப்போதெல்லாம் ஆமாம் என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுகிறேன். ஆனால் ஆமாம் என்று சொன்ன நாளெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளாது. அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டது போல இருக்கும். அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். இந்த நடையும் அம்மா கொடுத்ததுதான்.

அம்மா பர்மாக்காரி. தென்காசியிலிருந்து ரங்கூனுக்குத் துணிக்கடை வேலைக்குப் போன அப்பா, அங்கேயே அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் நிலைமை கெட்டு, முதலாளி கடையைச் சாத்தியதும், அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார். எனக்கு ஆறு வயது. தென்காசியில் எங்கள் பூர்வீக வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, தனியாக இருந்தாள். இருபது வயதில் தாலியறுத்தவள். வெள்ளைச் சீலை, நெற்றியில் மூன்று விரலால் இழுத்த திருநீறு. அதைத் தவிர அவள் முகம் வேறொன்றையும் கண்டதில்லை. லுங்கியும் சட்டையுமாக வாசலில் நின்ற அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அப்பாவிடம், "ஏலே, சாமானெல்லாம் அப்புறம் எறக்கலாம். இவ என்ன சாப்பிடுவான்னு மொதல்ல சொல்லு," என்றாள். அத்தை கெட்டவள் இல்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே வினை வந்தது. அம்மா குளித்துவிட்டு, பெட்டியைத் திறந்து இந்தக் கல்லையும் ஒரு முழ நீளக் கட்டையையும் எடுத்தாள். கட்டையைத் தண்ணீர் விட்டு உரைத்தால் இளமஞ்சளாக ஒரு விழுது வரும். அதைக் கன்னத்தில் பூசிக்கொள்ளாமல் பர்மாவில் பெண்கள் வெளியே கிளம்ப மாட்டார்கள். வெயிலுக்கும் ஆச்சு, அழகுக்கும் ஆச்சு. அத்தை இடுப்பில் கைவைத்து நின்று, "என்னட்டி இது?" என்றாள். அம்மாவுக்குத் தமிழ் அரைகுறைதான் என்றாலும் இந்தக் கேள்வி புரிந்தது. சிரித்த முகமாகக் கட்டையைத் தூக்கிக் காட்டி, "தனக்கா," என்றாள்.

அந்த மரத்துக்கு அவள் பாஷையில் அதுதான் பேர். அத்தை காதில் விழுந்தது தமிழ். "தனக்காம்லா! கேட்டியாலே இந்தக் கூத்த? பக்கத்துல ஒருத்தி மரம் மாதிரி நிக்கேன், ஒனக்கும் வேணுமான்னு ஒரு வார்த்த உண்டா?" அப்பா பதறிப்போய், "அக்கா, அது மரத்தோட பேருக்கா," என்றார். "பேரு வைக்கதுலயே கொணம் தெரியுதே," என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். அன்றிலிருந்து அம்மாவுக்கு அந்த வீட்டில் அதுவே பட்டப்பெயர் ஆயிற்று. எங்கட்டி ஒங்க தனக்கா, தனக்கா சாப்பிட்டாளா, இப்படி. தெருவும் பிடித்துக்கொண்டது. அம்மாவோ தன் மரத்தின் பேரை எல்லோரும் கற்றுக்கொண்டார்கள் என்று கொஞ்ச நாள் சந்தோஷப்பட்டாள்.

ஆறு மாசத்தில் திரும்பிவிடலாம் என்று நம்பித்தான் அவள் வந்திருந்தாள். துணிகளை அலமாரியில் வைக்கவே இல்லை. பெட்டியைத் திறப்பாள், வேண்டியதை எடுப்பாள், உடனே பூட்டுவாள். சாயங்காலமானால் என்னை இழுத்துக்கொண்டு ரயிலடிக்கு நடப்பாள். செங்கோட்டை வண்டி வந்து போகிறவரை நின்றுவிட்டுத் திரும்புவோம். அப்பாவுக்கும் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. சுரண்டையில் ஒரு கடையில் கொஞ்ச நாள், புளியறையில் லாரிக்காரர்களோடு கொஞ்ச நாள். எப்போது ஊருக்குப் போகிறோம் என்று அம்மா பர்மிய மொழியில் கேட்பாள். அப்பா தமிழில் பதில் சொல்வார்: "சாரல் முடியட்டும், பாப்போம்." குற்றாலத்துச் சாரல் ஆவணியில் முடியும். அடுத்த ஆனியில் மறுபடி வந்து நிற்கும். அப்பாவின் பதில் மட்டும் மாறாது.

ஒருநாள் அம்மா கட்டையை என் கையில் கொடுத்து, "இது தீருகிற அன்றைக்கு நான் கப்பல் ஏறிவிடுவேன், நீயும் என்னோடு வருகிறாய்," என்றாள். அதை அப்பா சொல்லக் கேட்ட அத்தை, "போறவ போவட்டும். பிள்ளைய நான் விட மாட்டேன்," என்றாள். இரண்டு பேரும் சொன்னதைச் செய்கிறவர்கள். அம்மா இல்லாதபோது கட்டையை எடுத்து அளந்து பார்ப்பேன். ஒரு சாண் நாலு விரல். ஒரு சாண். முக்கால் சாண். காலையில் எனக்கும் பூச வருவாள். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் பங்கு மிச்சமானால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்ற கணக்கு. அவளோ, தென்காசிப் பிள்ளைகளோடு சேர்ந்து எனக்கும் தன்னைப் பார்த்து வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்தாள். அவள் முகம் சுண்டிப்போகும். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கட்டை தீரும் முன்பே போய்விடுவாளோ என்று பயந்து சொல்லவில்லை.

மூன்றாவது சாரலில் கட்டை நாலு விரலுக்கு வந்துவிட்டது. அந்த வருஷம் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தலை சொட்டச் சொட்ட நாங்கள் நாலு பேரும் நடந்து வந்தோம். வழியில் ஒரு சின்னச் சிவன் கோயில். அதைத் தாண்டும்போது அம்மா நின்றாள். கோயிலுக்குப் பக்கத்தில் நின்ற முள்மரத்திடம் ஓடி, இலையைக் கசக்கி மோந்தாள், பட்டையை நகத்தால் சுரண்டினாள். பிறகு மரத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். என்ன ஏது என்று நாங்கள் கேட்பதற்குள், பலாப்பழம் விற்கிறவரின் அரிவாளை எடுத்து வந்து ஒரு கொப்பை வெட்டிவிட்டாள். "தனக்கா, தனக்கா," என்று என்னைப் பார்த்துக் கத்தினாள்.

பூசாரி ஓடிவந்தார். "தாயி, அது மகாவில்வம்லா. சாமிக்குப் போடுத மரத்துல கைய வச்சிட்டியே." அத்தை அவமானத்தில் ஈரச் சீலையோடு பூசாரி காலில் விழுந்தாள். அப்பா விஷயத்தைச் சொல்ல, அம்மா வெட்டிய கொப்பைப் பூசாரி வாங்கிக்கொண்டார். ஆனால் அம்மா அழுவதைப் பார்த்துப் பொறுக்காமல், மரத்தடியில் முளைத்திருந்த கன்று ஒன்றை மண்ணோடு பெயர்த்துக் கொடுத்தார். "இத வீட்டுல வச்சுக்கோ. இங்கன உள்ளத விட்டுரு." வீடு வரும்வரை அத்தை எங்கள் பக்கம் திரும்பவில்லை. "சிவன் மரத்த மூஞ்சில பூசுதா," என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள், யாரிடமும் இல்லை.

அம்மா கன்றைக் கிணற்றடியில் வைத்தாள். உரைக்கிற பக்குவம் வர எட்டுப் பத்து வருஷம் ஆகும் என்றாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. புரட்டாசியில் கட்டை தீர்ந்தது. அவள் கப்பல் ஏறவில்லை. இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை. "மரம் வளரட்டும், பாப்போம்," என்றாள், அப்பா மாதிரியே. பெட்டிப் பூட்டு அப்படியே தொங்கியது. வெறும் கன்னத்தோடு ரயிலடிக்கு நடந்தாள்.

கன்றுக்கு முதலில் தண்ணீர் ஊற்றியது அம்மாதான். ஆனால் மகாவில்வம் வீடு தேடி வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு அத்தை சும்மா இருப்பாளா? முதலில் திங்கட்கிழமை மட்டும் ஒரு சொம்பு தண்ணீர். அப்புறம் ஒரு விளக்கு, மஞ்சள் துணி. மரம் ஓட்டுக்கு மேலே போனபோது அத்தை அதை மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தாள். கொப்பு தடித்துப் பக்குவமாகியும் அம்மாவால் கைவைக்க முடியவில்லை. ஒருதரம் கத்தியோடு போனவளை, "வெட்டுனா இந்த வீட்டுல நான் இருக்க மாட்டேன்," என்று அத்தை தடுத்துவிட்டாள். தான் வெட்டுவதற்கென்று வளர்த்த மரத்தடியில், வெட்ட முடியாமல் அம்மா உட்கார்ந்திருப்பாள். கோபமாக வரும் எனக்கு, யார்மேல் என்று தெரியாமல்.

அறுபதுகளில் ரங்கூனிலிருந்து நம் ஆட்கள் கையில் ஒரு மூட்டையோடு கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தங்கை, அவளுக்கென்று அங்கே இருந்த ஒரே ஆள், இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்றார். இனி வெளியே வந்தவர்கள் உள்ளே போக முடியாது என்றும் சொன்னார். அம்மா அழவில்லை. வந்தவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு, பெட்டியிலிருந்து கல்லை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, வெறும் உள்ளங்கையால் தேய்க்க ஆரம்பித்தாள். நான் வேலை முடிந்து சாயங்காலம் வந்தபோதும் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை சிவந்து கிடந்தது. அப்பா தூணோடு நின்றார். சாரலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை விளக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்தாள். "பொறுத்துக்கோ, அப்பனே," என்று மரத்திடம் சொல்லிவிட்டு அரிவாளை ஓங்கினாள். கொப்பைத் துண்டாக்கிக்கொண்டு வந்து, கல்லைத் தன் பக்கம் இழுத்து, அரிசி அரைக்கிற வேகத்தில் உரைத்தாள். பச்சைக் கட்டை லேசில் விழுது விடாது. அது விடுகிறவரை அத்தையும் விடவில்லை. வாசனை எழுந்ததும் அம்மா நிமிர்ந்து, நம்ப முடியாமல், "தனக்கா?" என்றாள்.

"எனக்கு என்னத்துக்குட்டி? ஒனக்குத்தான்."

அத்தைக்குப் பூசத் தெரிந்தது ஒரே விதம். மூன்று விரலைத் தோய்த்து, அம்மாவின் கன்னங்களில் திருநீறு மாதிரி மூன்று மூன்று கோடாக இழுத்தாள். அம்மா கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வெகுநேரம் அழுதாள். கோடுகளை அழிக்கவில்லை. அதன் பிறகு கடைசிவரை அவள் பூசிக்கொண்டது அப்படித்தான், மூன்று கோடு. பர்மாவிலும் அப்படிப் பூசுகிறவர்கள் கிடையாது, தென்காசியிலும் கிடையாது. மறுவாரம் அவள் துணிகள் அலமாரிக்கு வந்தன. ரயிலடிக்கு நடப்பது மட்டும் நிற்கவில்லை. அத்தையும் கூடப் போக ஆரம்பித்தாள்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. மரம் இதே வீட்டுக் கிணற்றடியில் நிற்கிறது. நேற்று அடுத்த வீட்டுப் பெண் சர்க்கரை கேட்டு வந்தவள், கல்லைத் தடவிப் பார்த்து, "சந்தனக் கல்லா ஆச்சி?" என்றாள். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "தனக்கா," என்றேன்.

"ஒங்களுக்கு மட்டுமா?" என்றாள்.

"ஒனக்குந்தான். உக்காரு," என்று சொல்லிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.