தடத்தில் கொடுத்த பத்திரிகை

எங்கள் பகுதிக் குளத்தைச் சுற்றி நடக்கிறவர்கள் எல்லோரும் குளத்தை வலப்பக்கம் வைத்துக்கொண்டுதான் நடப்போம். அப்படி நடக்கச் சொல்லி எங்கும் போர்டு கிடையாது. கோவிலைச் சுற்றிப் பழகிய கால்கள் குளத்தையும் அப்படியே சுற்றுகின்றன. உக்கடம் பெரியகுளத்தில் இருப்பதுபோல வண்ண விளக்கு, போட்டோ எடுக்க மேடை என்று இங்கே எதுவும் இல்லை. கேட்டிலிருந்து கொஞ்ச தூரம் கல் பாவிய பாதை. அப்புறம் அது மண் தடமாகி, கருவேலமும் புங்கனும் அடர்ந்த சிறு காட்டுக்குள் நுழையும். காட்டின் நடுவில் கலிங்கு இருக்கிறது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். அதைத் தாண்டிப் போனால் தடம் மறுபடியும் கேட்டுக்கே வந்து சேர்ந்துவிடும். என் வேகத்துக்கு ஒரு சுற்று முக்கால் மணி நேரம்.

இந்த ஒழுங்கை மீறி எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்த ஒரே ஆள் என் அக்கா.

அவர் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. மச்சான் இறந்த பிறகு வெளியே வருவதையே விட்டுவிட்டார். நான்தான் ஒரு நாள் விடியற்காலையில் போய்க் கதவைத் தட்டி, செருப்பை எடுத்து வாசலில் போட்டு, குளத்துக்கு இழுத்து வந்தேன். அதிலிருந்து மூன்று வருஷம் தினமும் ஒன்றாக நடந்தோம். கல் பாதை முடிகிற வரைக்கும் முட்டி வலி, சின்ன வெங்காய விலை, யார் வீட்டில் யார் வந்தார்கள் என்று ஏதாவது பேசுவார். காட்டுக்குள் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார். நான் பேசினாலும் கையைக் காட்டி அடக்குவார். அங்கே பறவைச் சத்தம் கேட்க வேண்டுமாம். லேத் பட்டறையில் முப்பது வருஷம் காதைக் கொடுத்தவன் நான், எனக்கு அவ்வளவாகக் கேட்காது. அவருக்காகச் சும்மா வருவேன்.

போன வருஷம் நான் புது வீடு கட்டி முடித்தேன். எங்கள் பக்கம் விசேஷத்துக்கு அழைப்பதென்றால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு தேடிப் போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை எல்லாம் வைத்து நீட்ட வேண்டும். போனில் சொன்னாலும் வழியில் பார்த்துச் சொன்னாலும் கணக்கில் வராது. இது எனக்குத் தெரியாததில்லை. காரில் ஆப்பிள் பெட்டியை ஏற்றிக்கொண்டு வெள்ளகோவில் போனோம், காரமடை போனோம், பார்த்துப் பத்து வருஷமான பங்காளி வீட்டிலெல்லாம் உட்கார்ந்து காப்பி குடித்தோம். அக்காவுக்கு மட்டும் பத்திரிகையை மடித்து டிராக் பேன்ட் பையில் வைத்துக்கொண்டு போய், குளத்து கேட் பக்கம் அருகம்புல் ஜூஸ் விற்கிற இடத்தில் வைத்துக் கையில் கொடுத்தேன். தினமும் பார்க்கிறவர்தானே, அவருக்கு எதற்குத் தட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். “நல்லா அடிச்சிருக்குது,” என்றார். விசேஷத்துக்கு வரவில்லை.

மறுநாளிலிருந்து குளத்தை இடப்பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தார். அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். காட்டுக்குள் ஒரு தடவையும் கேட்டில் ஒரு தடவையும் நேருக்கு நேர் வருவோம். நான் மரத்தைப் பார்ப்பேன், அவர் தண்ணீரைப் பார்ப்பார். கூட நடக்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள். என் மனைவி மட்டும் விடவில்லை.

“தப்பு நம்ம மேலதானுங்க. ஒரு எட்டுப் போய்ட்டு வந்தரலாம்,” என்றாள்.

“கூடப் பொறந்தவங்களுக்குள்ள என்னடி சம்பிரதாயம்? வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்,” என்றேன். வீம்புக்கு எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நான்கு மாதம் இப்படியே ஓடியது. ஒவ்வொரு நாளும் அவர் என்னைக் கடந்து போன பிறகு அன்றைய நடையே எனக்குக் கசந்துபோகும். ஆனால் அதை யாரிடமும் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில், நான்கு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலையில் குளத்துக்குப் போனேன். மண் தடம் சேறாகிக் கிடந்தது. காட்டுக்குள் போனால் கலிங்கில் தண்ணீர் முழங்கால் உயரத்துக்கு இரைந்துகொண்டு ஓடியது. தாண்ட வழியில்லை. என்னோடு நடந்துவந்த, குரங்குக் குல்லா போட்ட ஒருவரும் நானும் நின்றுவிட்டோம். பார்த்தால் எதிர்க்கரையில் அக்கா, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கப் பார்க்கிறார்.

“அக்கட்டயே நில்லுங்கக்கா! பாசி வழுக்கும்!” என்று கத்தினேன்.

“எனக்குத் தெரியும். நீ உம்பட வேலையப் பாரு,” என்று அவரும் கத்தினார்.

அப்படியே திரும்பியிருக்கலாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரு பத்திரிகைக்கு நாலு மாசமாங்க்கா? கையில குடுத்தேனில்ல, அதுல என்ன கொறஞ்சுபோச்சு?”

“தடத்துல குடுக்கறதுக்குப் பேரு கூப்படறதா?”

“மறந்துபோட்டேன்னு வெச்சுக்கங்க!”

“நீ மறக்கல. பால் காச்சறப்ப நா முன்னால வந்து நின்னுருவேன்னுதான தடத்துல குடுத்த? நெசத்தச் சொல்லு.”

குரங்குக் குல்லாக்காரர் அவசரமாகக் கைகளைத் தூக்கி உடற்பயிற்சி செய்ய ஆரம்பித்தார்.

இல்லைங்க்கா என்று வாய்வரை வந்தது. ஆனால் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அடுப்பில் புதுப் பானையை ஏற்றப் போகும்போது மனைவியின் சின்னம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அக்கா வரவில்லையா என்று கேட்டார். வரவில்லை என்றேன். அதுவும் நல்லதுக்குத்தான், புருஷன் இல்லாதவர் முன்னால் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார். புது வீட்டில் பால் காய்ச்சுவது கூடப்பிறந்தவளின் உரிமை, அந்த இடத்தில் முதலில் நிற்க வேண்டியவர் என் அக்கா. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததோடு விட்டேனா? ஒரு தொல்லை விட்டது என்று உள்ளுக்குள் மூச்சு விட்டேன்.

“ஆமாங்க்கா. நீங்க வராதது அன்னிக்கு எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

தண்ணீர் இரைச்சலில் அவருக்குக் கேட்கவில்லை. “என்ன?” என்றார். அதே வார்த்தைகளை இன்னும் உரக்க இன்னொரு தடவை கத்த வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அக்கா எனக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார். “அன்னிக்குக் குளிச்சுப் பட்டுக் கட்டிட்டு மத்தியானம் வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன். நீ காரு எடுத்துட்டு வருவயின்னு,” என்று சொல்லிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. தட்டை எடுத்துக் கழுவினாள். சாயங்காலம் இரண்டு பேரும் போனோம். அக்கா “வாங்க” என்று கூப்பிட்டு, நாற்காலி போட்டு, காப்பி கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மனைவி எழுந்து தட்டை நீட்டினாள். நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள். “அடுத்த ஞாயித்துக்கெழமை நம்மூட்டுக்கு வரோணுங்க நங்கையா.”

“என்ன விசேஷம்?”

“நீங்க வந்து பால் காச்சோணுமுங்க.”

“ஊடு புகுந்து நாலு மாசமாச்சு. இப்ப என்ன பாலு?”

நான் சொன்னேன்: “அன்னிக்குக் காச்சுனது கணக்குல இல்லீங்க்கா.”

அக்கா தட்டில் இருந்த குங்குமத்தை எடுத்தார். என் மனைவி நெற்றியைக் குனிந்து கொடுத்தாள். அவளுக்கு வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“வாரேன். ஆனா அன்னிக்கு வந்தவிய அத்தன பேரையும் கூப்புடு. ஊடு ஊடாப் போய்த் தட்டு வெச்சுக் கூப்புடு. அவிய முன்னாலதான் காச்சுவேன்.”

மனைவியின் சின்னம்மா வீட்டுக்கும் தட்டோடு போக வேண்டும். “சரிங்க்கா,” என்றேன்.