எந்த ஆயில் ஊற்றுவது

எங்கள் டிராக்டருக்கு எந்த கியர் ஆயில் ஊற்ற வேண்டும் என்று விருத்தாசலத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் தொல்லை. ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போனால்தானே ஊற்ற முடியும்.

பொங்கல் முடிந்து இரண்டு நாளில், யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் நல்ல மழை பெய்தது. கம்மாபுரம் பக்கம் எங்கள் புன்செய்க் கொல்லையில் போர் வற்றிக்கொண்டே வருகிறது; மழை ஈரத்தை நம்பித்தான் மல்லாட்டை போட வேண்டும். மழை விட்ட அன்றே உரித்து வைத்திருந்த கடலை விதைக்கு மருந்து கலந்துவிட்டேன். மருந்து கலந்த கடலையை தின்னவும் முடியாது, விற்கவும் முடியாது. ஈரம் நாலு நாள் நிற்கும். அதற்குள் விதைத்தாக வேண்டும்.

செராமிக் கம்பெனியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டுவது என் வேலை. லீவு சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். என் வீட்டுக்காரருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கிளட்ச் மிதிக்க முடியாது, நான்தான் ஓட்டுகிறேன். கொல்லையில் இறங்கி ஒரு சால் ஓட்டித் திருப்பும்போது கலப்பை மேலே எழவில்லை. கலப்பையைத் தூக்கும் லிஃப்ட் முனகியது, அவ்வளவுதான். பழைய வண்டியில் கியருக்கும் லிஃப்ட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே ஆயில். அளவு பார்க்கும் குச்சி எப்போதோ உடைந்து அந்த ஓட்டையில் ஒரு போல்ட்டை முடுக்கி வைத்திருந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஆயில் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன். வாடகை டிராக்டர்காரர்கள் அத்தனை பேரும் ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள்.

முதல் கடைக்காரர் என் கேள்விக்கு, பின்னால் நின்ற வீட்டுக்காரரைப் பார்த்துப் பதில் சொன்னார். தொண்ணூறாம் நம்பர் ஆயில், கெட்டியாக இருக்கும், கியர் பல்லுக்கு நல்லது என்றார். இரண்டாவது கடையில் அதை ஊற்றினால் லிஃப்ட் செத்துவிடும், அறுபத்தெட்டு போடுங்கள் என்றார்கள். மூன்றாமவர் இரண்டையும் பாதிப் பாதி கலக்கச் சொன்னார். திட்டக்குடியிலிருந்து வீட்டுக்காரரின் அண்ணன் போனில், இன்ஜின் ஆயிலே போதும் என்றார்; அவர் பத்து வருஷமாக அதைத்தான் ஊற்றுகிறாராம். யாருமே வண்டி எந்த மாடல் என்று கேட்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தை வீட்டுக்காரர்மேல்தான் கொட்டினேன். வண்டி வாங்கும்போதே அதன் புத்தகத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டாமா என்று கடையிலும் திட்டினேன், பஸ்ஸிலும் திட்டினேன், சோற்றைப் போட்டுக்கொண்டும் திட்டினேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் டிராக்டர் கம்பெனிக்கே போன் போட்டேன். போனை எடுத்த பெண் சேஸிஸ் நம்பர் கேட்டாள். மூன்று முறை பெயின்ட் அடித்து மறைந்துபோன தகட்டை பிளேடால் சுரண்டி, நம்பரைச் சொன்னேன். கியருக்கும் லிஃப்ட்டுக்கும் சேர்த்துப் பொருந்துகிற ஆயில் ஒன்றின் பெயரைச் சொன்னாள். கடைத்தெருவில் தேடிப் பிடித்து இரண்டு பக்கெட் வாங்கி, மறுநாள் காலை மெக்கானிக்கை வரவழைத்தேன். ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவர் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். ஆயில் பால் டீ நிறத்தில் வழிந்தது.

வண்டி மழையில் நின்றதா என்று கேட்டார். ஷெட்டுக்குள்தான் நிற்கிறது, ஒரு சொட்டு மழை பட்டதில்லை என்று வெடுக்கென்று சொன்னேன். அவர் கியர் ராடின் அடியில் இருந்த ரப்பர் மூடியை விரலால் தூக்கிக் காட்டினார். சுற்றிலும் கிழிந்திருந்தது.

“மாட்டுப் பொங்கலுக்குக் கழுவுனீங்களாம்மா?”

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. அன்றைக்கு டிராக்டரைத்தான் குளிப்பாட்டுவோம். இந்த வருஷமும் சீட்டின்மேல் ஏறி நின்று, மோட்டார் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, கியர் ராடைச் சுற்றி இருந்த சேறு போகிறவரைக்கும் பீய்ச்சினேன். பிறகுதான் மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம். களிமண் கூழில் ஒரு குவளை தண்ணீர் கூடினால் அச்சில் பொம்மை நிற்காது என்பதைக் கம்பெனியில் தினமும் பார்க்கிறவள் நான்.

“நான்தான் பைப்பு புடிச்சேன்,” என்றார் வீட்டுக்காரர்.

குனிந்து செருப்பு மாட்ட முடியாத மனுஷன். மூன்று நாள் வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன். அவமானமாக இருந்தது, அந்த அவமானமும் கோபமாகத்தான் வெளியே வந்தது.

“அவுரு இல்லண்ணே. நான்தான்.”

“யாரு புடிச்சா என்னம்மா. தண்ணி கலந்துட்டா எந்த ஆயிலு ஊத்துனாலும் இப்பிடித்தான் இருக்கும். இனிமே துணியால தொடைங்க.”

தொட்டியை டீசல் ஊற்றிக் கழுவி, சைக்கிள் டியூபை வெட்டி ராடின் அடியில் இறுக்கிக் கட்டி, புது ஆயில் ஊற்றி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. லிஃப்ட் சட்டென்று எழுந்தது. இருட்டுவதற்குள் பாதிக் கொல்லை ஓட்டினேன். ஆட்கள் பின்னாலேயே விதை போட்டார்கள். மறுபாதியை அடுத்த நாள் ஓட்டும்போது ஈரம் காய்ந்து கலப்பைக் கொழுவுக்குப் பின்னால் புழுதி எழுந்தது. இருந்தும் விதையைப் போட்டோம், வேறென்ன செய்வது.

பத்து நாளில் ஒரு பாதி முளைத்தது. முளைக்காத பாதியில் நின்று யாரைத் திட்டலாம் என்று பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை.