தம்பி கடையின் பின்கதவு

பட்டாசுக் கடைகளுக்கு உரிமம் கொடுக்கலாமா கூடாதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் தீயணைப்பு ஆய்வாளர் அவள். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும், வெளியே போக இன்னொரு வழி இருக்கிறதா என்றுதான் அவள் கண் முதலில் தேடும். அதனால் அலுவலகத்தில் அவளுக்குப் 'பின்வாசல்' என்று பெயர். பின்வாசல் வழியாகச் சல்லிக்காசு வாங்காதவளுக்கு வாய்த்த பட்டத்தைப் பார் என்று அவள் கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தீயை அணைத்த பிறகு ஒரு கடைக்குள் அவள் போயிருக்கிறாள். பெரிய தீ என்று சொல்ல முடியாது. உள்ளே இருந்த இரண்டு பேரும் பின்பக்கமாக ஓடியிருக்கிறார்கள். அங்கே கதவை மறைத்து அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்குமேல் அன்று பார்த்ததை அவள் யாரிடமும் விவரித்ததில்லை. ஆனால் அதன்பிறகு, "சாவி இங்கதாங்க எங்கயோ இருக்கு" என்று சொல்லி எந்தக் கடைக்காரரும் அவளிடம் தப்பித்ததில்லை.

அவளுக்கு ஒரே தம்பி. அப்பா போன பிறகு அம்மாவும் அவளுமாகத் தூக்கி வளர்த்த பிள்ளை. கைபேசிக் கடை வைத்தான், அச்சகம் வைத்தான், எதுவும் துலங்கவில்லை. கடைசியில் கடைத்தெருவில் ஓர் இடம் பிடித்துப் பட்டாசுக் கடைக்கு விண்ணப்பித்தான். தெரிய வந்த அன்றே, அந்தக் கோப்பு தன் கைக்கு வரக்கூடாது என்று அவள் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள். வேறொரு ஆய்வாளர் வந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது, உரிமம் கிடைத்தது. மாடியில் ஒரு தையல் கூடம் இருந்தது. அங்கே வேலை செய்யும் ஆறு பெண்களுக்கும் இறங்கி வரக் கடையை ஒட்டிய மரப்படி ஒன்றுதான். முன்பக்கம் தீப்பிடித்தாலும் படியிறங்கிப் பின்கதவு வழியாக அவர்கள் வெளியேறிவிடலாம், ஆபத்தில்லை என்று முடிவாகியிருந்தது.

கடை திறந்த அன்று அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வந்தவர்களிடமெல்லாம் மகனைக் காட்டிக்கொண்டிருந்தாள். அக்காள்காரியின் கால்கள் வழக்கப்படி பின்பக்கம் போயின. பின்கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர் நீளத்துக்கு ஓர் இரும்பு அலமாரி, அதில் மத்தாப்புப் பெட்டிகள்.

தம்பியைத் தனியே கூப்பிட்டு அலமாரியை நகர்த்தச் சொன்னாள்.

"இன்னைக்கு ஒருநாளாவது உத்தியோகத்தைக் கழட்டி வெச்சுட்டு வரக்கூடாதாக்கா?" என்று சிரித்தான் அவன். நாளைக்கே எடுத்துவிடுவதாகச் சொன்னான்.

மறுநாள் போனாள். அலமாரி அசையவில்லை. அவளே ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தாள். கதவு இருந்தது. திறந்தால் எதிரே செங்கல் சுவர். பின்கட்டை வேறு யாருக்கோ கிடங்காக விட்ட கட்டடக்காரர், ஆய்வு முடிந்த கையோடு கதவுக்கு அந்தப்புறம் சுவர் வைத்து அடைத்திருக்கிறார். தம்பிக்கு அது தெரியும். கேட்டதற்கு, சீசன் முடியட்டும், பிறகு இடித்துத் தருகிறேன் என்றாராம்.

"நீயே போய் லைசன்ஸைத் திருப்பிக் குடுத்துடுறா. உனக்கு மரியாதை" என்றாள்.

"இதையும் விட்டா நான் எங்கக்கா போவேன்?"

அவள் அலுவலகத்துக்குத் திரும்பினாள். தூக்கி வளர்த்த பிள்ளை அப்படிக் கேட்டது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மதியம் வரை காத்திருந்தாள். அவன் வரமாட்டான் என்று தெரிந்ததும் மேலதிகாரியின் அறைக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலியில் போகிற ஓணானை ஏனம்மா எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாய், நீ சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றார்.

"மேல தைக்கிற ஆறு பேருக்கும்தான் தெரியாது, சார். அதனாலதான் சொல்றேன்."

அன்று மாலையே கடைக்குச் சீல் வைத்தார்கள். சரக்கெல்லாம் ஊருக்கு வெளியே உரிமம் பெற்ற கிடங்குக்குப் போனது. அவள் தெருமுனையில் நின்று பார்த்தாள். தம்பி அவளைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தான்.

அம்மா பேச்சை நிறுத்தினாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, சொல்ல வேண்டியதை மின்விசிறியைப் பார்த்துச் சொன்னாள். "சாப்பாடு மூடி வெச்சிருக்குன்னு சொல்லுங்க, மாப்பிள்ளை" என்பாள். மாப்பிள்ளை பக்கத்து அறையில்கூட இருக்கமாட்டார். பெற்ற வயிறு எரிகிறது என்று அவளுக்குப் புரிந்தது. அழுகை வந்த நாளும் உண்டு. ஆனால் செய்தது தவறோ என்று ஒருநாளும் தோன்றவில்லை. கதவை அடைத்தாகிவிட்டது, இனி வழி தேட வேண்டியதும் நாம்தான் என்று விடுப்பு எழுதிக் கொடுத்தாள்.

தம்பி கடைக்கு வேறு இடம் தேடி, கணவரின் ஸ்கூட்டரில் ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாள். ஓர் இடத்தில் பக்கத்திலேயே வெல்டிங் பட்டறை. இன்னொன்றின் தலைக்குமேல் மின்கம்பி. கடைசியில் நெடுஞ்சாலை ஓரமாகப் பழைய டயர்க் கொட்டகை ஒன்று அகப்பட்டது. தனிக் கட்டடம், மேலே மாடி கிடையாது, சுற்றிலும் வெற்றுத்தரை, எதிரெதிராக இரண்டு கதவு. அவள் இரண்டையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். அவன்தான் இவள் போனை எடுப்பதில்லையே.

"அவரை நான் இழுத்துட்டு வரேன், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. சொன்னபடியே இழுத்துக்கொண்டு வந்தாள். அவன் கொட்டகையைச் சுற்றி வந்தான். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் போகும்போது வாசல் அகலத்தைக் கையால் சாண் போட்டு அளந்ததை அவள் பார்த்தாள்.

முதல் ஆய்வில் அந்த இடமும் தேறவில்லை. கொட்டகைக்குள் மின்கம்பிகள் மூடாமல் தொங்குகின்றன என்று எழுதிவிட்டார் வந்த ஆய்வாளர். அக்காவின் சிபாரிசை அவன் கேட்கவில்லை, அவளும் வாய் திறக்கவில்லை. அவனே ஆள் வைத்துக் கம்பிகளைக் குழாய்க்குள் இழுத்தான். வாளிகளில் மணல் நிரப்பினான், தண்ணீர்ப் பீப்பாய் வைத்தான். உரிமம் கைக்கு வந்தபோது பாதி சீசன் போய்விட்டிருந்தது. அந்த வருடம் அவனுக்கு நட்டம்தான்.

கடை திறந்ததும் அம்மா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். புகைபிடித்துக்கொண்டு யாரும் உள்ளே போகக்கூடாது, அது அவள் காவல். மகளும் மருமகனும் வந்தார்கள். சிகரெட்டை விட்ட நாளிலிருந்து எதையாவது கடித்துக்கொண்டிருப்பது மருமகனின் வழக்கம். அன்று வாயில் ஒரு தீக்குச்சி. அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறியைத் தேடினாள், அங்கே விசிறி இல்லை.

"உன் புருஷன் வாயில என்னடி அது? துப்பிட்டு வரச் சொல்லு" என்றாள் மகளிடமே. அவர் துப்பிவிட்டு உள்ளே போனார். மகள் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று அந்தக் கடையில் தம்பியின் கெடுபிடிக்கு அக்காவே தேவலை என்கிறார்கள். பெரியவர்கள் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்கு ஒரு மத்தாப்புக்கூட விற்கமாட்டான். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்காதே, தண்ணீரை ஊற்று என்று பொட்டலம் கட்டும்போதே பாடம் நடத்துவான். பழைய கட்டடத்துக் கடையில் இப்போது செருப்பு விற்கிறார்கள். அவளும் மனு மேல் மனுவாகப் போட்டு, அந்தப் பின்சுவரை இடிக்க வைத்துவிட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறையாவது தம்பி அவளை வம்புக்கு இழுப்பான். "அந்தக் கட்டடம் அப்படியேதான் நிக்குது பாத்தியாக்கா? ஒண்ணும் ஆகலை."

"நிக்கட்டும்டா. நிக்கணும்னுதானே கத்தினேன்" என்பாள் அவள். அவன் முனகிக்கொண்டே அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவான்.