எட்டயபுரம் மாரியம்மாளின் கடைசிப் புள்ளி

1. போனில் நான் சொன்னது

காலை பதினொரு மணி இருக்கும். அய்யாதுரை அண்ணாச்சி போன் செய்தார். கோவில்பட்டிக்கு வெளியே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவர் போர்மேன். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே வருகைப் பதிவுக்கு நான் எழுதிக் கொடுத்த ஆப்தான் ஓடியது. கேட்டில் ஒரு டேப்லெட், அதோடு ஒரு விரல்ரேகை மெஷின். உள்ளே வரும்போது விரல் வைத்தால் பெயருக்கு நேரே பச்சை, வெளியே போகும்போது வைத்தால் சிவப்பு. அவசரமென்றால் ‘லிஸ்ட்’ என்ற பொத்தானை அமுக்கினால் அன்றைக்கு வந்த எல்லாருடைய பெயரும் பச்சையாகவோ சிவப்பாகவோ வந்து நிற்கும்.

“மேடம், லிஸ்ட்டு வரமாட்டேங்கு. அமுக்குனா ஆப்பே மூடிக்கிடுது” என்றார்.

மறுபடி திறக்கச் சொன்னேன். பதினெட்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவளுக்கு வாய் தானாகச் சொல்லும் பதில் அது. திறந்தார், மூடிக்கொண்டது. டேப்லெட்டையே அணைத்துப் போடுங்கள் என்றேன். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. டீ நேரம் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

“செட்டுல தீப் புடிச்சிருக்கு மேடம். ஒரு ஆளு கொறையுது. யாருன்னு பாக்கத்தான் கேக்கேன்.”

இன்னொரு தடவை அமுக்கிப் பாருங்கள் என்றேன்.

“சரி விடுங்க, நானே போயிப் பாத்துக்கிடுதேன்” என்றார். லைன் கட்டாகிவிட்டது.

2. முப்பத்தெட்டு டீ

மற்றதெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. பெட்டி அடைக்கிற ஷெட்டில் குச்சி உரசித் தீப் பிடித்திருக்கிறது. பெண்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். அண்ணாச்சி எண்ணினார். முப்பத்தேழு பேர். பத்து மணிக்கு முப்பத்தெட்டு டீ ஊற்றியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

வாட்ச்மேன் சொல்லத்தான் செய்தார், மாரியம்மா பெர்மிஷனில் போய்விட்டாள் என்று. ஆனால் மாரியம்மாள் எல்லாருக்கும் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “அந்தா நிக்காவல்லா” என்று நாலு பேர் கை காட்டினார்கள். வாட்ச்மேன் பதற்றத்தில் உளறுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அங்கே மாரியம்மாள் இரண்டு பேர் என்பது அந்த நேரத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அண்ணாச்சி ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். மேஜைக்கு அடியில் யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா என்று தேடியிருக்கிறார். எரிகிற பலகைகளைக் கையால் இழுத்துப் போட்டிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. அவர் தேடிய பெண் பத்தரை மணிக்கே கேட்டில் விரல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எட்டயபுரம் பஸ் ஏறிவிட்டார். லிஸ்ட்டில் அவர் பெயர் சிவப்பாக இருந்தது. அதைத்தான் ஒருவராலும் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சியின் இரண்டு கைகளும் வெந்துபோயின.

3. அறுபத்து நான்கு

மறுநாள் டேப்லெட் என் மேஜைக்கு வந்தது.

ஆப் ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது. ஆனால் விரல்ரேகை மெஷின் ஜாவாவோடு பேசாது. மெஷின் விற்றவர்கள் ஆயத்தமாக எழுதிக் கொடுத்த நிரலோடுதான், நேட்டிவ் லைப்ரரி என்பார்கள், பேசும், அது சி மொழியில் எழுதியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலம் போட வேண்டும், ஜே.என்.ஐ. என்போம். அந்தப் பாலத்தை எழுதியது நான். ஜாவா பக்கம் பிழை வந்தால் பிடித்து நிறுத்தி, திரையில் ஒரு வார்த்தையாவது காட்டலாம். நேட்டிவ் பக்கம் பிழை வந்தால் ஆப் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

என் டேப்லெட்டில் லிஸ்ட் ஒழுங்காக வந்தது. நூறு தடவை அமுக்கினேன், நூறு தடவையும் வந்தது. என்னுடைய சோதனைப் பெயர்கள் எல்லாம் இங்கிலீஷில் இருந்தன. ஆபீஸின் பெயர்களை ஏற்றிய உடனே க்ராஷ் ஆனது. பாதிப் பெயர்களை எடுத்துவிட்டு ஓட்டினேன், பிறகு அதில் பாதியை. கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது: எட்டயபுரம் மாரியம்மாள்.

அந்தப் பெண் ரொம்ப நாளாக வெறும் மாரியம்மாளாகத்தான் இருந்தார். விபத்துக்கு முந்தின மாதம் தீ ஒத்திகை நடத்தியபோது லிஸ்ட் சரியாக வந்தது அதனால்தான். தீப் பிடிப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் கடம்பூரிலிருந்து இன்னொரு மாரியம்மாள் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு பேருக்கும் குழப்பம் வரக்கூடாது என்று அண்ணாச்சியே டேப்லெட்டில் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்திருக்கிறார். இந்தப் பக்கம் எல்லாரும் செய்வதுதான். ஒரு தெருவில் மூன்று மாரியம்மாள் இருந்தால் மூன்று ஊர் இருக்கும்.

பாலத்தில் பெயருக்கு நான் ஒதுக்கியிருந்த இடம் அறுபத்து நான்கு பைட், கம்ப்யூட்டரில் இடத்தை அளக்கிற அளவு அது. அதில் ஒன்று பெயர் முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்துக்கு. அறுபத்து மூன்று எழுத்துக்கு மேல் யார் பெயர் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ் எழுத்துக்கு மூன்று பைட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தனித்தனி எழுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தமிழில் பேசி, தமிழில் சண்டை போட்டு, தமிழில் கனவு காண்கிற நான் இடத்தை மட்டும் இங்கிலீஷில் அளந்துவிட்டேன்.

கடம்பூர் மாரியம்மாள் ஐம்பத்தெட்டு பைட், உள்ளே அடங்கிவிட்டார். எட்டயபுரம் மாரியம்மாள் சரியாக அறுபத்து நான்கு. பூஜ்யத்துக்கு இடம் வேண்டுமே என்று என் நிரல் கடைசி பைட்டை வெட்டியது. வெட்டுப்பட்டது ‘ள்’ மேல் இருக்கும் புள்ளியின் மூன்றில் ஒரு பங்கு. அந்த அரைகுறைப் புள்ளியை ஜாவாவுக்குத் திருப்பிக் கொடுக்கும்போதே நேட்டிவ் பக்கம் பிழை வந்தது. ஆப் செத்தது. தினமும் விரல் வைக்கும்போது தெரியாமல் போனதற்குக் காரணம், விரலை அடையாளம் காண நம்பரே போதும். பெயரை எடுப்பது லிஸ்ட் மட்டும்தான்.

4. யார் மேல் போடுவது

முதலாளி நல்ல மனிதர். மெஷின் விற்றவர்களின் லைப்ரரியில் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர்களோடு நான் பேசிக்கொள்கிறேன் என்றார். லேசாக ஆசை வந்தது. அந்த லைப்ரரியில் குறை சொல்ல வேறு விஷயங்கள் இல்லாமலும் இல்லை. ஆனால் வெட்டிய வரி என்னுடையது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது பெயர்களை நேட்டிவ் பக்கம் அனுப்புவதே இல்லை. நம்பர் மட்டும் போகும், வரும். பெயர் ஜாவாவிலேயே இருக்கும். லிஸ்ட்டில் ஒரு பெயர் கெட்டால் அந்த ஒன்றுக்கு மட்டும் நம்பர் காட்டும், மற்றதெல்லாம் வரும். எந்த ஊருக்கு ஆப் எழுதுகிறேனோ அந்த ஊர்ப் பெயர்களை வாங்கி, அவர்கள் டைப் செய்கிற மாதிரியே டைப் செய்துதான் சோதிக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் இந்த மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதோடு இன்னொன்று. யாராவது போன் செய்து ஆப் மூடிக்கொள்கிறது என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

5. விரல்

அண்ணாச்சி நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். புது ஆப்பைப் பார்க்க நானும் அன்றைக்குக் கேட்டில் இருந்தேன். வலது ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் பதியவில்லை என்று வந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். தோல் வழுவழுவென்று பளபளத்தது, ஒரு கோடு இல்லை. கடைசியில் அவருக்கு மட்டும் நம்பர் போட்டு உள்ளே போகிற மாதிரி மாற்றிக் கொடுத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை.

“இதுக்கு எதுக்கு அழுதீய? முப்பது வருசம் தீக்குச்சி மருந்துல கெடந்த கை, மேடம். ரேகையெல்லாம் முன்னமே போயிட்டு” என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அந்த மெஷினின் பழைய பதிவு முழுவதும் என்னிடம் இருக்கிறது. தீப் பிடித்த அன்று காலைவரை, அந்த விரல் ஒரு நாள்கூடப் பதியாமல் இரண்டாவது தடவை வைக்கப்பட்டதில்லை.