பேருக்குக் கீழே போட ஒரு வேலை

என் மைத்துனன் திருமுருகனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். அவன் குடிக்க மாட்டான். அவ்வளவுதான், இதற்கு மேல் நல்லது எதுவும் வராது.

பி.இ. மெக்கானிக்கல். மயிலத்துப் பக்கம் ஒரு காலேஜில் படித்தான். படிப்பு முடிந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காணைக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலம் இருக்கிறது, நெல்லோ கரும்போ போடலாம். அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் என் வீட்டு மாடியறையில் படுத்திருக்கிறான். என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால், "பார்த்துக்கினு இருக்கேன்" என்பான். பொய்யில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நான் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதணி விழா, கருமாதி, பிளெக்ஸ் பேனர் எல்லாம் அடிக்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் பேருக்குப் பின்னால் பட்டமும் பேருக்குக் கீழே உத்தியோகமும் போடாமல் ஒரு பத்திரிகை அடிப்பதில்லை. ஆறு அரியர் வைத்தவனும் பி.இ. என்று போடச் சொல்வான். மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைக்கு நம்பர் எழுதுகிறவன் 'தொழிலதிபர்' என்பான். போட்டுக் கொடுத்துவிடுவேன், எனக்கென்ன போச்சு. ஆனால் அந்தப் பைத்தியம் என் வீட்டு மாடியிலேயே குடியேறும் என்று நினைக்கவில்லை.

என் மகளுக்குக் காது குத்தியபோதுதான் அது முழுசாகத் தெரிந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது வழக்கம், பத்திரிகையில் அவன் பெயர் பெரிய எழுத்தில் வரும். புரூப்பை வாங்கிப் பார்த்தான்.

"என் பேருக்குக் கீழ காலியா இருக்குதே மாமா."

"அங்க என்னாடா போடறது?"

"ஏதாவது போடுங்க. 'இன்ஜினீயர்'னு போடுங்க."

"எந்த எடத்துல இன்ஜினீயரு?"

மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து எந்த வேலை வந்தாலும் சம்பளம், தூரம், ஷிப்ட் எதையும் கேட்க மாட்டான். அந்த ஒரு வரியில் அது எப்படி இருக்கும் என்றுதான் பார்ப்பான்.

வேலையைப் பொறுக்கிப் பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. படித்து முடித்த புதிதில் ஒரு கம்பெனி இன்ஜினீயர் என்று கூப்பிட்டு அட்டைப்பெட்டி தூக்கச் சொன்னது. மூன்றாம் நாள் திரும்பி வந்தான். நல்லது பண்ணினே என்று நானே சொன்னேன். அதுதான் வினையாகிப் போனது. வேலை கிடைக்கவில்லை என்று சொல்கிறவனை ஊர் பாவம் என்கிறது. வேலையை வேண்டாம் என்று சொன்னவனை ஏதோ பெரிய ஆள் போலிருக்கிறது என்கிறது. அந்த ருசியைக் கண்டுகொண்டான்.

விழுப்புரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் கூப்பிட்டார்கள். "வர்றவன் போறவன்லாம் வண்டிய கழுவிட்டியான்னு கேப்பான் மாமா" என்றான். படித்த காலேஜிலேயே லேபில் இடம் இருந்தது. "என்கூட பெஞ்சுல உக்காந்தவன் அங்க சாரா இருக்கான். அவன்கிட்டப் போயி லீவு கேக்கணுமா?" குயிலாப்பாளையத்தில் சோலார் பேனல் மாட்டுகிறவர்கள் ஆள் தேடினார்கள். "மொட்ட வெயில்ல ஏறணும் மாமா." சோலார் பேனலை நிழலிலா மாட்டுவார்கள்? ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரே பாட்டு: "நம்ம லெவலுக்கு ஒத்து வராது."

என் மனைவி இளவரசி ஒவ்வொரு தடவையும் தம்பிக்காகச் சண்டைக்கு வருவாள். "அவன் படிச்சவன். அவனுக்கு ஏத்தது வர்ற வரைக்கும் இருக்கட்டும், உங்களுக்கு என்னா பேஜாரு?" சோற்றைப் போட்டு, மேலே குழம்பையும் ஊற்றி, தட்டை மாடிக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள்.

இந்தத் தண்டத்துக்கும் காத்திருக்க ஒருத்தி இருந்தாள், அதுதான் கொடுமை. கவிதா, இவர்களுடைய தாய்மாமன் மகள், முறைப்பெண். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நல்ல நல்ல இடமெல்லாம் வந்தது, எல்லாவற்றையும் இவனுக்காகத் தட்டிக் கழித்தாள். அவனிடம் என்ன கண்டாளோ, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இந்த வருஷம் அவள் அப்பா பொறுக்க முடியாமல் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்துவிட்டு, ஆவணிக்குள் முடிவு சொல் என்று சொல்லிவிட்டார். ஆனி மாசக் கடைசியில் கவிதா எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் எதிரிலேயே அவனிடம் சொன்னாள்.

"எந்த வேலையா இருந்தாலும் சரி மாமா. எங்கப்பாகிட்ட 'அவரு வேலைக்குப் போறாரு'ன்னு ஒரு வார்த்தை நான் சொல்லணும். மத்தத நான் பேசிக்கிறேன்."

அவன் தலையை ஆட்டினான்.

கேட்ட நேரமோ என்னவோ, அந்த வாரமே அரங்கநாதன் என் அச்சகத்துக்கு வந்தார். காணை ரோட்டில் புதிதாக எடை மேடை போட்டிருக்கிறார், நெல் லாரி, கரும்பு லாரியெல்லாம் ஏற்றி எடை பார்ப்பது. எடைச் சீட்டு அடிக்க வந்தவர், "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு, குடிக்காத ஆளு இருந்தா சொல்லுங்க" என்றார். கும்பிட்டு என் மைத்துனனைச் சொன்னேன். போய்ப் பார்த்தான். அவருக்குப் பிடித்துவிட்டது. இவன் கேட்டது ஒரே கேள்வி.

"டெசிக்னேஷன் என்னா சார்?"

அரங்கநாதன் நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். "நீயும் நானும்தான் தம்பி இருக்கப் போறோம். உனக்கு என்னா புடிக்குதோ அத வச்சிக்கோ."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் கொடுத்தது, பூசாரியும் கொடுத்தான். வாங்க வேண்டியவன் கையை நீட்டவில்லை. ஆடி பிறந்துவிட்டது, ஆடியில் புது வேலையில் சேரக் கூடாது, ஆவணி முதல் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். லாரிக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது என்று கத்தினேன். "நல்ல நாள் பார்த்துச் சேரட்டுமே" என்றாள் இளவரசி.

அந்த ஆடி முழுக்க அவன் செய்த வேலை, தனக்கு ஒரு பதவி தேடியது. தினமும் அச்சகத்துக்கு வந்து என் எதிரில் உட்காருவான்.

"சூப்பர்வைசர்னு போட்டா எப்பிடி மாமா? வேணாம், மேஸ்திரியக்கூட அப்பிடித்தான் சொல்றானுங்க."

"மேனேஜர்னு வச்சிக்கோ."

"எத்தினி பேருக்கு மேனேஜர்னு எவனாவது கேட்டுட்டா?"

"அசிஸ்டென்ட் மேனேஜர்."

"அப்ப மேனேஜர் யாருன்னு கேப்பான்."

எக்ஸிகியூட்டிவ் என்றால் சிம் கார்டு விற்கிறவன் என்று நினைப்பார்களாம். ஆபரேட்டர் என்றால் சினிமா கொட்டகை ஞாபகம் வருமாம். உலகத்தில் எந்த முதலாளியும் கொடுக்காத சுதந்திரத்தை ஒருவர் கொடுத்தார். அப்போதும் இந்த மடையனால் தனக்கு ஒரு பதவியைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை.

ஆடி முடிய இன்னும் நாள் இருந்தபோதே அரங்கநாதன் போன் பண்ணினார். லாரிகள் வரிசையில் நிற்கின்றன, பொறுக்க முடியவில்லை, தேவா என்று பிளஸ் டூ படித்த பையன் ஒருத்தன் வந்தான், உட்கார வைத்துவிட்டேன் என்றார். நான் அதைத் திருமுருகனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்தேன். வருத்தமே இல்லை. பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி நிம்மதியாக மூச்சு விட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன்.

விஷயம் கவிதாவுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில் நைட் டூட்டி முடித்த கையோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். இளவரசி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கவிதா உட்காரவில்லை.

"போகலியா மாமா?"

"அது நம்ம லெவலுக்கு ஒத்து வரல கவிதா."

"நம்மன்னா யாரு?"

அவன் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரியெல்லாம் ஒரு பெரியவருக்குத் துணி மாத்திட்டு வர்றேன். பத்திரிகையில என் பேருக்குக் கீழ என்னா போடுவீங்க?"

கேட்டவள் பதிலுக்காகக் கேட்கவில்லை. அது தெரியாமல் இவன் நிஜமாகவே யோசித்தான். யோசித்துவிட்டு, "ஸ்டாஃப் நர்ஸ்னு போடலாம்" என்றான்.

கவிதா தோள்பையைச் சரியாக மாட்டிக்கொண்டாள். "எங்கப்பா பார்த்த எடத்துக்கு நான் சரின்னு சொல்லிடறேன்" என்றாள். இளவரசியிடம் மட்டும் "வர்றேன் அண்ணி" என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள். தெருமுனை திரும்பும் வரை நான் வாசலில் நின்று பார்த்தேன். அவன் எழுந்து வரவே இல்லை.

உள்ளே வந்தேன். அவன் தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான்.

"யோசிச்சுப் பார்த்தா இதுவும் நல்லதுதான் மாமா. நைட் டூட்டி போற பொண்ணு. நம்ம லெவலுக்கு..."

இளவரசி அடுப்பை அணைத்தாள். ஒன்பது வருஷமாக அவனுக்காக என்னோடு மல்லுக்கு நின்றவள், தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடி அவன் எதிரில் வந்து நின்றாள்.

"டேய், அந்தப் பொண்ணு இத்தினி வருஷமா உன்னை வேணாம்னு சொல்லாம இருந்தா பாரு, அதாண்டா உனக்குக் கெடைச்ச ஒரே உத்தியோகம். அதையும் விட்டுட்டு இங்க குந்திக்கினு தின்னுக்கினு இருக்கியே."

அவன் வாயில் இருந்ததை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அவள் இன்னொரு தோசை ஊற்றவில்லை.