‘அந்த இடம்’ என்றால் எந்த இடம்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. பெங்களூர் காக்ஸ் டவுனில் பத்மா அக்காவின் டெய்லர் கடை. நோட்டும் பேனாவுமாக நடுவில் நின்றுகொண்டு, நான் சத்தமாக ஒரு கேள்வி கேட்டேன்.

"உங்க வீட்டுல வெள்ளைப்படுறதுக்கு என்ன பேர் சொல்வீங்க?"

தையல் மெஷின் நின்றது. பிளவுஸுக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, தூக்கிய கையை இறக்க மறந்துவிட்டார். பத்மா அக்கா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளில் ஒன்று கீழே விழுந்தது. வாசலில் ஸ்கூட்டரில் உட்கார்ந்து மனைவிக்காகக் காத்திருந்த ஒரு கணவர், அவசரமாக ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். வண்டி ஓடவில்லை. இருந்தாலும் மாட்டிக்கொண்டார்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் ஒரு குடும்பப் பெண் கேட்கிற கேள்வியா இது?

இல்லைதான். எல்லாம் ஸ்டெல்லாவால் வந்தது.

ஸ்டெல்லா என் தோழி. பக்கத்துத் தெரு. ஒரு ஸ்கூலில் பயாலஜி டீச்சர். அவளுக்கு உலகத்தில் எல்லாரும் மாணவர்கள். நான் மட்டும் ஃபெயிலான மாணவி. ஒருநாள் வந்தாள். "வாராவாரம் பத்திரிகையில எதையாவது எழுதிட்டே இருக்கே... உருப்படியா ஒண்ணு எழுதேன்டி" என்றாள்.

இன்டர்நெட்டில், தமிழில், பெண்கள் உடல்நலத்துக்கென்று ஒரு விக்கி ஆரம்பித்திருக்கிறார்களாம். விக்கி என்றால்? யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். கூட்டுக் குடும்பத்துச் சமையலறை மாதிரி. நீங்கள் உப்புப் போட்டுவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்தால், இன்னொருத்தி வந்து இன்னொரு தடவை போடுவாள்.

என்ன எழுதுவது? எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஏ.சி. அறையில் உட்கார்ந்து விசிறிக்கொள்கிற பருவம். ஆகவே ‘மாதவிடாய் நிறுத்தம்’ என்ற தலைப்பை எடுத்துக்கொண்டேன். அதில் என்னைவிட அனுபவசாலி யார்? திடீரென்று காதுக்குப் பின்னால் அடுப்பு மூட்டினாற்போல் சூடு ஏறுவது, குளிருகிற டிசம்பரில் நான் ஃபேனைப் போட, என் வீட்டுக்காரர் கம்பளியோடு ஹாலுக்குக் குடிபெயர்ந்தது... எல்லாவற்றையும் எழுதி, தமிழில் தட்டத் தெரியாமல் தட்டி, ஏற்றிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் ஒரு செய்தி வந்தது. அனுப்பியவர் பெயர் ‘சொல்லாய்வன்’. அந்த விக்கியின் நிர்வாகிகளில் ஒருவர். ஓய்வுபெற்ற இன்ஜினியர், ஊர் திருச்சி என்று தன் பக்கத்தில் போட்டிருந்தார்.

‘சொந்த அனுபவம் கூடாது. வியர்வைக்கு ஆதாரம் தேவை.’

என் வியர்வைக்கு ஆதாரமா? கர்ச்சீப்பை ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

‘படம் வேண்டாம். நூல் போதும்’ என்று பதில் வந்தது.

வேறு வழி? ஸ்டெல்லா ஒரு தடிமனான மருத்துவப் புத்தகத்தைக் கொண்டுவந்து போட்டாள். நான் எழுத, அவள் சிவப்புப் பேனாவால் திருத்த, மறுபடி நான் எழுத... மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் வந்தது பாருங்கள் ஒரு கட்டுரை! ஒவ்வொரு வாக்கியமும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. சொல்லாய்வன்கூட ‘நன்று’ என்று ஒரு சொல் போட்டார். ஸ்டெல்லா பெருமை தாங்காமல் அதைப் பிரிண்ட் எடுத்து, தெரிந்த பெண்களுக்கெல்லாம் கொடுத்தாள்.

ஆனால் கம்ப்யூட்டரில் யாரும் படிக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களில் முக்கால்வாசி நானே.

ஏன் என்று ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தாள். விக்கிக்கு வருகிறவர்கள் என்ன தேடினார்கள், எது கிடைக்காமல் போனார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறதாம். அதைத் திறந்தாள்.

‘நின்னு போச்சு திரும்ப வருது.’ ‘டேட் தள்ளி போச்சு.’ ‘அந்த இடத்தில் அரிப்பு.’ ‘அந்த இடத்தில் கட்டி.’ ‘கீழ வலி யாரிடம் சொல்வது.’

யாரோ ஒருத்தி, எங்கோ ஒரு பிரவுசிங் சென்டரில், பின்னால் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இதைத் தட்டியிருக்கிறாள். நம் விக்கி என்ன சொன்னது? ‘அப்படி ஒரு பக்கம் இல்லை.’

பக்கம் இருக்கிறது. ‘கருப்பை வாய் அழற்சி’ என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரில் யார் தேடுவார்கள்?

"ஜனங்க பேசுற வார்த்தையை எல்லாம் சேர்த்துடலாம்டி" என்றாள் ஸ்டெல்லா. விக்கியில் ‘வழிமாற்று’ என்று ஒரு வசதி உண்டு. ‘நின்னு போச்சு’ என்று தட்டினால் போதும், ‘மாதவிடாய் நிறுத்தம்’ பக்கத்துக்குத் தானே கொண்டுபோய் விட்டுவிடும். அதற்கு முதலில் வார்த்தைகள் வேண்டும். பெண்கள் கூச்சமில்லாமல் பேசுகிற இடத்தில் போய்த்தான் வார்த்தை பொறுக்கவேண்டும்.

அப்படித்தான் நானும் ஸ்டெல்லாவும் பத்மா அக்கா கடைக்குப் போனது.

விழுந்த குண்டூசியைத் தேடுகிற சாக்கில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பிறகு அளவு கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, கையை இறக்காமலே, "எங்க வேலூர் பக்கம் ‘வெட்டை’ன்னுவாங்க" என்றார்.

அவ்வளவுதான். அணை உடைந்துவிட்டது. மாதவிலக்குக்கு மட்டும் எத்தனை பெயர் தெரியுமா? தூரம், வீட்டுக்கு வெளியே, காக்கா தொட்டுடுச்சு, தலைக்குக் குளிக்கணும்... பத்மா அக்கா பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழும் கன்னடமும் அவருக்கு வலது கை, இடது கை. ‘முட்டு’, ‘ஹொரகடெ’ என்று கன்னடத்தில் இரண்டு சேர்த்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பெண் சுடிதார் வாங்க வந்தவள், "எங்க டீம்ல ‘சர்வர் டவுன்’னு மெயில் போடுவோம் ஆன்ட்டி" என்றாள்.

"உங்க மேனேஜருக்குப் புரியுமா?"

"ஒரு தடவை நிஜமாவே சர்வர் டவுன் ஆச்சு. அவர் எல்லாரையும் வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டார்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் ஸ்கூட்டர்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நாலு கடை தாண்டிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. நான் நோட்டை மூடினேன். பத்மா அக்கா மெஷினைப் பார்த்தபடியே, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வசந்தி, ஒண்ணரை மாசமா நிக்காமலே போயிட்டிருந்தா... அதுக்கு என்ன பேரு?"

"யாருக்குக்கா?"

"சும்மா கேட்டேன். ஒரு கஸ்டமருக்கு."

ஸ்டெல்லா டீச்சர் இல்லையா? பொய் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அவளிடம் உண்டு. அந்தப் பார்வையைப் பார்த்தாள். பத்மா அக்கா மெஷினை நிறுத்தினார்.

"சரி, எனக்குத்தான். மாடி ஏறினா மூச்சு வாங்குது. அதுக்கென்ன டீச்சர், நிக்கிற வயசுல அப்படித்தானாம். அதுல போட்டிருக்கே."

"எதுல?"

"நீங்க குடுத்தீங்களே பிரிண்ட். வசந்தி எழுதினது." சுவர்க் கண்ணாடிக்குப் பின்னால் மடித்துச் செருகியிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். "இதோ. ‘இக்காலத்தில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு இயல்பானது.’ அதைப் படிச்சப்புறம்தான் நிம்மதி ஆச்சு. இல்லேன்னா டாக்டர்கிட்டே போயிருப்பேன்."

எனக்கு அந்த நிமிடம் காதுக்குப் பின்னால் சூடு ஏறவில்லை. உடம்பே ஜில்லென்று ஆகிவிட்டது.

ஏனென்றால், ஸ்டெல்லா அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பகுதி எழுதச் சொல்லியிருந்தாள். ‘ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலோ, மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, நின்று ஒரு வருடம் ஆனபிறகு மறுபடி பட்டாலோ, உடனே டாக்டரைப் பார்க்கவேண்டும்.’ எழுதினேன். பிறகு நானே வெட்டினேன். ஏன்? வாக்கியம் நீளமாக இருந்தது. ஓசை கெடுகிறது என்று நினைத்தேன். இருபது வருடமாக எழுதுகிறவளுக்கு ஓசை முக்கியம் இல்லையா!

என் கட்டுரையை நம்பிப் படித்த ஒரே வாசகி. அவரைத்தான் வீட்டில் உட்காரவைத்திருக்கிறேன்.

"வாங்கக்கா, டாக்டர்கிட்டே போலாம்."

"கல்யாண சீசன் வசந்தி. ரெண்டு மணப்பொண்ணு பிளவுஸ் இருக்கு. முடிச்சிட்டு அடுத்த மாசம்..."

ஸ்டெல்லா எட்டி, பத்மா அக்காவின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவித் தன் ஹேண்ட்பேகில் போட்டு ஜிப்பை இழுத்தாள். டேப் இல்லாத டெய்லர் என்ன செய்வார்? ஆட்டோவில் ஏறினார்.

வழி நெடுக பத்மா அக்காதான் எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார்!

டாக்டர் ஒரு இளம் பெண். கன்னடத்துக்காரர். தமிழ் கொஞ்சம் புரியும். "என்னம்மா பிரச்சினை?" என்று கஷ்டப்பட்டுத் தமிழில் கேட்டார்.

"அது வந்து டாக்டர்... அதுல... அது..." என்று பத்மா அக்கா சீலிங்கைப் பார்த்தார். "அப்போலேர்ந்து அப்படியே... இருக்கு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன்.

"சரி, கன்னடா பருத்தா?" என்றார் டாக்டர். கன்னடம் வருமா என்று கேட்கிறார்.

பருத்தாவா! பத்மா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை நாள், எவ்வளவு, எங்கே வலி, என்ன நிறம், துணி எத்தனை... கன்னடத்தில் மடமடவென்று கொட்டினார். வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். தமிழில் ‘அது’வைத் தாண்டாதவர், கன்னடத்தில் ஒரு உறுப்பையும் விடவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன், எப்படிக்கா என்று.

"தமிழ்ல சொன்னா எங்கம்மா காதுல விழுற மாதிரி இருக்கு வசந்தி. கன்னடத்துல சொன்னா வேற யாருக்கோ நடக்குற மாதிரி இருக்கு."

ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை, அப்புறம் இன்னொரு சோதனை. முடிவு வருவதற்குள் நான் சாப்பிட்ட சாப்பாடு எதுவும் ருசிக்கவில்லை. வந்தது. கருப்பையில் சாதாரணக் கட்டி. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை. ஆனால் உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. "இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் மயங்கி மெஷின் மேலேயே விழுந்திருப்பீர்கள்" என்றார் டாக்டர். உதிரப்போக்கை நிறுத்த மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, இரண்டு வாரம் ஓய்வு. இரண்டு மணப்பெண்களுக்கும் ஸ்டெல்லாவே போன் செய்து, வேறு டெய்லரைப் பார்க்கச் சொன்னாள். டீச்சர் குரலில் சொன்னதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அன்றே விக்கியைத் திறந்தேன். எச்சரிக்கையைக் கட்டுரையின் முதல் வரியாகப் போட்டேன். ‘நிக்காம போகுதா? புடவை நனையுதா? மேலே படிக்காதீங்க. டாக்டரைப் பாருங்க.’ அதோடு, நோட்டில் இருந்த வார்த்தைகளை எல்லாம் வழிமாற்றுகளாக ஏற்றினேன்.

பத்து நிமிடம். சொல்லாய்வன் அத்தனையையும் நீக்கிவிட்டார்.

‘கொச்சை நடை. மேலும், "நின்னு போச்சு" என்றால் எது நின்றது? பேருந்தா, கடிகாரமா? "அந்த இடம்" என்றால் எந்த இடம்? தெளிவாகக் குறிப்பிடவும்.’

நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி எடுத்தார். மூன்றாம் தடவை போட்டேன். ‘தாங்கள் தொடர்ந்தால் தங்கள் கணக்கு முடக்கப்படும்’ என்றார். எனக்கு வந்த கோபத்தில், ஆதாரம் தேவைப்படாத வியர்வை ஆறாக ஓடியது.

அப்போது பத்மா அக்கா என் வீட்டு சோபாவில் ஓய்வு எடுத்துக்கொண்டிருந்தார். (அவர் வீட்டில் இருந்தால் ஓய்வு எடுக்கமாட்டார் என்று ஸ்டெல்லா கடத்திக்கொண்டு வந்திருந்தாள்.) "யாரும்மா அந்த மனுஷன்? நான் சொல்றதைத் தட்டு" என்றார். தட்டினேன்.

‘ஐயா, வணக்கம். நான் பத்மா, லேடீஸ் டெய்லர். எனக்குக் கொச்சை நடைதான் வரும். நல்ல நடையில் இவங்க எழுதினதைப் படிச்சிட்டு ஒண்ணரை மாசம் டாக்டர்கிட்டே போகாம இருந்துட்டேன். இப்ப பரவாயில்லை. எந்த இடம்னு கேட்டீங்க. உங்க வீட்டம்மாவைக் கேளுங்க, சொல்வாங்க.’

அன்று முழுக்கப் பதில் இல்லை. கணக்கு போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் வந்தது.

‘அம்மையீர், மன்னிக்கவும். எச்சரிக்கை முதல் வரியாகவே, அந்த நடையிலேயே இருக்கட்டும். தங்கள் உடல்நலம் தேற வேண்டுகிறேன். ஆனால் வழிமாற்றுகள் குறித்து என் கருத்தில் மாற்றமில்லை.’

பாதி வெற்றி. பத்மா அக்காவுக்கு அந்த ‘அம்மையீர்’ ரொம்பப் பிடித்துவிட்டது. போதும் விடு என்றார். நானும் விட்டுவிட்டேன்.

நேற்று மதியம் மூன்று மணி. ஸ்டெல்லா போன் செய்தாள். "சீக்கிரம் விக்கியைத் திற!"

திறந்தேன். நீக்கப்பட்ட வழிமாற்றுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. அதோடு நாங்கள் கேள்விப்படாத புதுச் சொற்கள் வேறு... அசல் திருச்சிச் சொற்கள்! எல்லாமே சொல்லாய்வனின் கணக்கிலிருந்து. எழுத்துப்பிழை மட்டும் ஏகத்துக்கு. மனிதர் மாறிவிட்டாரா என்று பார்ப்பதற்குள் என் கணக்கில், பத்மா அக்கா பெயருக்கு ஒரு செய்தி வந்தது.

‘வணக்கம் பத்மா. நான் அவர் மனைவி. அவர் சாப்பிட்டுத் தூங்குகிறார், நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பார். இன்னும் ஆறு வார்த்தை பாக்கி இருக்கிறது.’

வேகமா அடிங்கம்மா, என்று பதில் போட்டேன்.