நடு வளையத்து ஊதா

பிள்ளைகளே, பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்ம லாயாங் லாயாங் ஊரிலிருந்து தினமும் செனாய்த் தொழிற்சாலைக்குப் போய்ச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், கண்ணால் கண்டதைத்தான் நம்புவேன். இதையும் கண்ணால்தான் கண்டேன். நம்புவதும் சிரிப்பதும் உங்கள் பாடு.

உங்கள் பள்ளி மண்டபத்தில் வருஷா வருஷம் தீபாவளி அரிசிக் கோலத்தைப் போட்டது என் மகள் தர்ஷினி. ஒரே வடிவம் தனக்குள்ளேயே சின்னதாகி, இன்னும் சின்னதாகித் திரும்பத் திரும்ப வருமே, ஃபிராக்டல் என்பார்கள், அதைக் கணினியில் அடுக்கடுக்காக வரைவாள். ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு நிறப்பட்டை. பட்டைக்குக் கீழே இருக்கும் குட்டி முக்கோணத்தை இழுத்தால் நிறம் அடர்த்தியாகும், அல்லது வெளுக்கும். அவள் எப்போதும் கொஞ்சம் தாண்டி இழுத்துவிட்டு, முடியளவு பின்னால் கொண்டுவருவாள். திரையைப் பார்த்து அரிசிக்குச் சாயம் கலக்குவது என் வேலை.

போன வருஷம் கொசு கடித்து வந்த டிங்கிக் காய்ச்சல் நான்கே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் தீபாவளி இல்லை. ஆனால் கோலம் அவள் உங்களுக்குக் கொடுத்த வாக்கு, அதை விட மனசு வரவில்லை.

ஒரு மத்தியானம் அவள் மடிக்கணினியில் அவள் வரைந்து வைத்திருந்த கோலப் படத்தைத் திறந்தேன். நடு வளையத்து ஊதா ரொம்ப இருட்டாகத் தெரிந்தது, வெளுக்க வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். வந்து பார்த்தால் பழையபடி இருட்டு.

"செல்வி, இதத் தொட்டியா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நான் எதுக்குங்க தொடப்போறேன்? நீங்கதான் சேவ் பண்ணாம விட்டிருப்பீங்க லா."

மறுபடி வெளுக்க வைத்து, சேவ் செய்து, மவுஸையும் பிடுங்கிவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். முக்கோணம் தானாக நகர்ந்தது. கொஞ்சம் தாண்டிப் போய், முடியளவு பின்னால் வந்து நின்றது.

அப்போதுதான் முந்தின வருஷம் இதே ஊதாவுக்காக அவள் என்னிடம் கத்தியது ஞாபகம் வந்தது. "அலமாக், அப்பா! ஸ்கிரீன்ல இருக்கிறது ஈர அரிசி கலர். காஞ்சா வெளுத்துடும்னு எத்தன வாட்டி சொல்றது?"

அவள் வைத்தபடியே கலக்கினேன். காய்ந்ததும் அச்சு அசல் அவள் நிறம். மண்டபத்தில் உங்களில் ஒருத்திதான் சொன்னாள், "தர்ஷினி அக்கா போட்ட மாதிரியே இருக்கு அங்கிள்."

இந்த வருஷமும் கோலம் போட்டுத் தரச் சொல்லி உங்கள் ஆசிரியை கேட்டார். நேற்றுக் காலை அதே படத்தைத் திறந்து, வேண்டுமென்றே நடு வளையத்தை வெளுக்க வைத்தேன். மவுஸைப் பிடுங்கினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். செல்வி சோறு போட்டுக் கூப்பிட்டாள், போகவில்லை. சாயங்காலம் வரை முக்கோணம் அசையவில்லை.

அன்று அது நகர்ந்தபோது எனக்குத் துளியும் பயம் வரவில்லை. இப்போதுதான் வருகிறது.

ஊதாவை இன்னும் திருத்தவில்லை. மடிக்கணினியை மூடவும் இல்லை.